பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு



மூன்று இதழ்களாக இந்தப் பக்கத்தை நண்பர்கள் எழுதினார்கள். பங்குனியில் எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. இன்று அவளுக்கு 81-ஆவது நாள். இதை எழுதும்போது பக்கத்தில் தூளியில் தூங்குகிறாள். தூளியில் கட்டிய கயிறு என் இடது கையில் இருக்கிறது. வாழ்த்தி எழுதிய எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. இந்தப் பக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குப்பம் ஊரில் பிறக்கிற குழந்தைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சித்தூர் மாவட்டத்தின் இந்த மூலையில் ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் தமிழ்நாடு. அதனால் இங்கே பிள்ளையை மூன்று பாஷையில் கொஞ்சுவார்கள். எங்கள் ஆயா 'தங்கம்' என்றாள். எதிர்வீட்டுத் தெலுங்கு அவ்வா 'பங்காரம்' என்றார். பங்காரப்பேட்டையிலிருந்து வந்த கன்னடத்து அஜ்ஜி 'சின்னா, சின்னா' என்று கூப்பிட்டார். "சின்னதாத்தானே இருக்கா, வளருவா" என்றாள் ஆயா. அஜ்ஜி சிரித்துவிட்டு, கன்னடத்தில் சின்ன என்றால் பொன் என்று சொன்னார். தங்கம், பங்காரம், சின்னா மூன்றும் ஒன்றுதான். எங்கள் தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தச் சுரங்கம்தான் சோறு போட்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதை மூடிவிட்டார்கள். அங்கே பூமிக்குள் இருக்கிற பொன்னை இப்போது யாரும் எடுப்பதில்லை. பிள்ளைகளைக் கூப்பிடும் வாயில் மட்டும் அது தீரவே இல்லை.

இந்த மூன்று பாஷையும் பாப்பாவுக்குப் புதிதில்லை என்று நினைக்கிறேன். வயிற்றில் இருக்கும்போதே அவள் கேட்டிருப்பாள். பிறந்து சில நாளே ஆன பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையையும் ஜெர்மன் குழந்தைகளின் அழுகையையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை மெல்லத் தொடங்கி மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தைகளின் அழுகை உச்சத்தில் தொடங்கிக் கீழே இறங்கியது. தாய் பேசிய பேச்சின் ராகத்தைத்தான் அவை அழுதன. மறு ஆண்டு கனடாவிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. கருவுற்றிருந்தபோது ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் நாட்டு டகாலோக் மொழியும் பேசிய தாய்மாரின் சிசுக்கள், பிறந்த சில நாளிலேயே இரண்டு மொழிகளையும் ஒரே ஆவலோடு கேட்டன. இரண்டும் வேறு வேறு என்பதும் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி, சந்தையில் கன்னடமும் கேட்டுப் பத்து மாதம் சுமந்தவள் நான். அந்த ஆய்வைப் படித்தபோது எங்கள் ஊரைப் பற்றி யாரோ எழுதியதுபோல இருந்தது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் 3-ஆம் மாதத்தில்தான் காப்புப் பருவத்தைத் தொடங்குவார்கள். அதற்கு முந்திய நாட்கள் அந்த இலக்கியத்துக்குள் வருவதில்லை. அந்த நாட்களைப் பாட வீட்டுப் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். இப்போது அந்த நாட்களைத்தான் நான் கடந்து வந்திருக்கிறேன். அதனால் அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

பகல் ராத்திரி என்ற கணக்கு போய்விட்டது. பச்சைக் குழந்தை நாளில் 16 மணி நேரம்போலத் தூங்கும் என்பது உண்மைதான். அந்தத் தூக்கம் இரண்டு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று துண்டு துண்டாக வரும். ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு ஜோலார்ப்பேட்டைப் பக்கம் போகிற வண்டியின் சத்தம் கேட்கும். இந்த ஊரில் நானும் அந்த டிரைவரும்தான் விழித்திருக்கிறோம் என்று தோன்றும். பழைய வேட்டியைக் கிழித்து அம்மா தைத்து வைத்த துணிகள் முதல் வாரத்தில் போதவில்லை. ஆனால் அந்த ஈரத்துணிகளின் எண்ணிக்கைதான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. முதல் வாரம் முடியும்போது நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம் என்று ஆஷா சுகாதாரப் பணியாளர் அக்கா சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது திட்டம். எங்கள் தெரு அக்கா ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஏழாம் நாள் கொக்கித் தராசில் பாப்பாவைத் தொங்கவிட்டு எடை பார்த்தார். 2.8 கிலோவாகப் பிறந்தவள் 2.65 கிலோ இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏடவொத்தம்மா, அழாதேம்மா" என்று என் தோளைத் தொட்டார். பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் இளைப்பது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைப் பிடித்துவிடும் என்று விளக்கினார். பதினாலாம் நாள் முள் 2.85-இல் நின்றது. இந்த முறை கண் கலங்கியது அவருக்கு.

இனி, இந்தப் பக்கத்தை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் 'பிள்ளை பார்க்கப் போறோம்' என்று சொல்வோம். முதல் பத்து நாளில் எங்கள் வீட்டுக்கு அப்படி நிறையப் பேர் வந்தார்கள். அறைக்குள் நுழைந்ததும் நேரே தூளிக்குப் போனார்கள். மூக்கு அப்பா மூக்கு, காது அத்தை காது என்று பேசினார்கள். கையில் நூறு ரூபாயோ ஒரு சட்டைத்துணியோ வைத்தார்கள். எல்லாம் அன்புதான். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன். தையல் வலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பேன். பால் கட்டி மார்பு கல்லாகக் கனக்கும். அவர்கள் என் பக்கம் திரும்பியபோது, பெரும்பாலும் ஒரு யோசனை சொல்வதற்காகத் திரும்பினார்கள். "பால் பத்தலபோல இருக்கே", "வெயில் காலம், ரெண்டு ஸ்பூன் தண்ணி குடு", "கண்ணுக்கு மை வைக்கலையா?"

அந்த யோசனைகளில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று குழந்தை மருத்துவரிடம் உட்கார்ந்து பேசினேன். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு உதவும் என்பதால் அவர் சொன்னதை எழுதுகிறேன். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதையும் வாயில் வைக்க வேண்டாம். வசம்பைக் கையில் கட்டி அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதை இழைத்துக் கொடுக்கக் கூடாது. குளிக்க வைக்கும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் போன எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சாம்பிராணிப் புகை பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது. கண்ணுக்குள் மை வேண்டாம். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்துக்கொள்ளலாம். இதமாக எண்ணெய் தடவி உருவிவிடுவதும், தாய்க்கு நாற்பது நாள் ஓய்வும், பூண்டுக் குழம்பும், தாலாட்டும் நல்லவை, அவற்றை விடவே கூடாது.

ஆயாவிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். எட்டுப் பிள்ளை பெற்றவள் அவள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "எட்டுல மூணு தங்கல. அப்ப எங்களுக்கு யாரு சொன்னாங்க?" அன்றைக்கு உரைகல்லைக் கழுவித் துடைத்துப் பரணில் வைத்தவள் அவள்தான். பழைய வழக்கம் எல்லாமே ஒரு பயத்திலிருந்து வந்தது, பிள்ளை தங்க வேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. அதைப் பொறுமையாகச் சொன்னால் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

பாப்பா முதலில் வாசல் தாண்டியது அந்த மருந்துக்காகத்தான். ஆறு வாரம் முடிந்த புதன்கிழமை, தடுப்பூசி போடக் கிளம்பினோம். பைக்கில் போகலாம் என்றார்கள் வீட்டில். பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போக எனக்கு மனசு வரவில்லை. நாலு வயதுக்குக் கீழான பிள்ளைகளைப் பைக்கில் கூட்டிப்போனால் பாதுகாப்புப் பட்டை கட்ட வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இப்போது சட்டமே இருக்கிறது. கழுத்து நிற்காத சிசுவுக்கு அந்தப் பட்டையும் பொருந்தாது. ஷேர் ஆட்டோவில் போனோம்.

அன்றைக்கு மூன்று ஊசி, இரண்டு சொட்டு மருந்து. தொடையில் போட்ட பென்டா ஊசி ஒன்றே தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, ஹிப் கிருமி என்று ஐந்துக்கும் காவல். நாக்கில் விழுந்த போலியோ சொட்டைப் பார்த்தபோது எங்கள் தெருவில் கோலூன்றி நடந்த மாமா ஒருவர் நினைவுக்கு வந்தார். என் சிறு வயதில் தெருவுக்குத் தெரு அப்படி ஒருவர் இருந்தார். நாட்டில் கடைசியாக இயற்கைப் போலியோ கிருமி தாக்கிய நாள் 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் நமக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. ஊசி குத்தியதும் பாப்பா வீறிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நர்சம்மா, "பால் குடுங்க, அடங்கிடும்" என்றார். அடங்கினாள்.

திரும்பி வரும் ஆட்டோவில் கர்நாடகத்துப் பெரியம்மா ஒருவர் ஏறினார். மடியில் கீரைக்கட்டு இருந்தது. முந்தானையை விலக்கிப் பாப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஊட்டா ஆய்த்தா, மகளே?" சாப்பிட்டாயா என்று கேட்கிறார். மணி பன்னிரண்டரை. காலையில் ஊசிப் பதற்றத்தில் ஒரு டம்ளர் காப்பியோடு கிளம்பியிருந்தேன். பதில் சொல்ல வாய் எழவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்து, உரித்து, பாப்பாவைப் பிடித்திருந்த என் கைக்கு வேலை வைக்காமல் என் வாயருகே நீட்டினார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு வாரத்தில் வந்து போன அத்தனை பேரிலும், தாயைப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பாப்பாவை வெளியே கூட்டிப்போவது எனக்காகவும்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகிறோம். கணவர் பெங்களூரில் வேலை செய்கிறார், வாரக் கடைசியில் வருவார். கூட்டம் இல்லாத கோடி பெஞ்சாகப் பார்த்து உட்காருவோம். வேப்பங்காற்று வரும். சித்தூர், திருப்பதிப் பக்கம் காய்கிற வெயில் இந்த மேட்டு நிலத்தில் கொஞ்சம் தணிந்துதான் இருக்கும். வண்டி நின்றதும் அவர் இறங்கி, முதலில் குழாயடியில் கைகழுவிவிட்டு வந்து பாப்பாவை வாங்கிக்கொள்வார். அப்போது என் இரண்டு கையும் சும்மா இருக்கும். அந்தப் பத்து நிமிடம் நான் வெறுமனே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். அதற்கு ஈடான ஓய்வு வேறில்லை.

ஒரு நாள் ஒரு பேருந்து நிலையத்தில் பாப்பா பசிக்கு அழுதாள். மறைவாக உட்கார இடமில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள், ஒருவருக்கொருவர் அறிமுகம்கூட இல்லாதவர்கள், கேட்காமலே முதுகைத் திருப்பி முந்தானையை விரித்துத் திரைபோல நின்றார்கள். தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் 352 பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்ட அறைகள் திறந்தார்கள். பஸ் நிற்கும் ஊரிலெல்லாம் அப்படி ஒரு அறை இருக்க வேண்டும். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், தினமும் அதைத் திறந்து சுத்தம் செய்ய ஓர் ஆள். இவ்வளவுதான் வேண்டும்.

மே மாதம் பிரசன்ன திருப்பதி கங்கம்மா ஜாத்திரை வந்தது. ஊரே அம்மனைப் பார்க்கத் திரளும். பாப்பாவைக் கூட்டிப்போக வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டார். அந்தக் கூட்டமும் மேளமும் சூடும் இரண்டு மாதப் பிள்ளைக்குத் தாங்காது. ஒருவர் இருமினாலும் அது அவளுக்குப் பெரிய ஆபத்து. அத்தை வருத்தப்படாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். தெருவில் யாரும் இல்லாத விடியற்காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை போய், கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, "அம்மா, இவ உன் ஊர்ப் பொண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். திருமலைக்கும் வேண்டுதல் இருக்கிறது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையோடு வரும் பெற்றோரைச் சுபதம் வாசல் வழியாகத் தரிசனத்துக்கு விடுகிறார்கள், நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கழுத்து நின்று, ஊசிகள் முடிந்து, பதினோராம் மாதம் போகலாம் என்று வைத்திருக்கிறோம். சாமி காத்திருப்பார்.

எல்லாத் தாய்க்கும் எனக்குக் கிடைத்த ஓய்வு வாய்ப்பதில்லை. சம்பள வேலையில் இருக்கும் பெண்களுக்குப் பேறுகால விடுப்பை 2017-இல் 26 வாரமாக உயர்த்தினார்கள். தக்காளித் தோட்டத்திலும் மல்பெரிக் கொல்லையிலும் கூலிக்குப் போகிறவளுக்கு எந்த 26 வாரம்? எங்கள் பின் தெருப் பெண், என் பிள்ளைக்குப் பத்து நாள் முன்னால் பெற்றவள், இரண்டாம் மாதமே வேலைக்குப் போய்விட்டாள். புங்க மரத்தில் தூளி கட்டி, வரப்புக்கும் தூளிக்கும் நடக்கிறாள். முதல் பிள்ளைக்கு மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் 5,000 ரூபாய் உண்டு. அவளுக்கு அது தெரியாது. அங்கன்வாடிக்குக் கூட்டிப்போய் எழுதிக் கொடுத்தோம். உங்கள் தெருவிலும் அப்படி ஒருத்தி இருப்பாள், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கு இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் அந்த இருட்டு விலகாவிட்டால், தூக்கமும் பசியும் போய்விட்டால், பிள்ளைமேல் மனம் ஒட்டாவிட்டால், அது நோய். அவளுடைய குற்றமில்லை. 'கொழுப்பு' என்றும் 'பேய் பிடிச்சிருக்கு' என்றும் சொல்லாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிட்டால் நம் மொழியிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதேபோல மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினாலோ, உடம்பு 100.4 டிகிரியைத் தொட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.

ராத்திரிகளில் எங்கள் வீட்டில் மூன்று பாட்டு. ஆயாவின் ஆராரோ, அவ்வாவின் ஜோஜோ, நடுவில் நான் இட்டுக்கட்டியது. தமிழில் தாலாட்டை இலக்கியமாக்கியவர் பெரியாழ்வார். திருவேங்கடவனைப் பாடிக்கொண்டே வாழ்ந்த அன்னமாச்சாரியார் 15-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் பாடிய தாலாட்டை அவ்வா இன்றைக்கும் பிசகாமல் பாடுகிறார். ஆனால் ஆயா பாடுவது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதில் எங்கள் மாமன்கள் பெயர் வருகிறது, சுரங்கத்துச் சங்கு வருகிறது, பாதி வரி தெலுங்கிலும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அப்படி ஒன்று இருக்கும். எழுதியோ குரல் பதிவாகவோ அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து ஒவ்வொன்றாக வெளியிடுவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். சளி, இருமல் இருந்தால் பத்து நாள் கழித்துப் போங்கள். தூக்குவாளியில் கொஞ்சம் ரசமும் சாதமும் கொண்டுபோங்கள். தூளிக்குப் போகும் முன்னால் கட்டிலில் இருப்பவளிடம் போய், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த வாரம் பின் தெருவுக்குப் போகிறேன், தூக்குவாளியோடு. பாப்பாவும் வருகிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்
குப்பம்